கோட்டுக்கு ஒரு சாண் கீழே

1961 டிசம்பர் 7, வியாழக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. லிஸ்பனில் தென்மேற்குக் காற்றோடு மழை. தேஜு ஆற்றின் மறுகரை கண்ணுக்குப் புலப்படவில்லை. பொதுப்பணி அமைச்சர் தெயோத்தோனியோ வலதாரிஷ் மேசைமேல் கிடந்த அறிக்கையை மூன்றாம் முறையாகப் படித்து முடித்தார்.

எதிரே நின்றவர் அதை எழுதிய அணைப் பொறியாளர் ரெபொர்தாவ். வடக்கேயிருந்து ரயிலில் வந்தவர். காற்சட்டை ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது.

"சுருக்கமா சொல்லுங்க, எஞ்சினியர்."

"இடது மலைச்சரிவு விரிசல் விட்டிருக்கு ஐயா. தண்ணி இருநூத்திப் பன்னெண்டு மீட்டர் கோட்டைத் தாண்டினா சரிவு அப்படியே நழுவும். கீழ தொழிலாளர் குடியிருப்பு. முந்நூறு பேர். என் வீடும் அங்கதான். இப்ப தண்ணி கோட்டுக்கு ஒரு சாண் கீழ நிக்குது. நீங்க கையெழுத்துப் போடாம நான் மதகைத் தொட முடியாது."

"ஞாயித்துக்கிழமை பிரதமரே திறப்பு விழாவுக்கு வர்றாரு" என்றார் அமைச்சருக்குப் பின்னால் ஜன்னலோரம் நின்ற செயலர் லசெர்தா. "தண்ணியை வடிச்சிட்டு அவருக்கு எதைக் காட்டறது? படம் எடுக்க வர்றவன் சேத்தையா எடுப்பான்?"

"பொணத்தை எடுக்கறதுக்கு அது மேல்" என்றார் ரெபொர்தாவ்.

மௌனத்தால் உயர்ந்தவர் அமைச்சர். முப்பத்தொன்றாம் வயதில் கொயிம்பிராவில் சட்டப் பேராசிரியர்; பிறகு நகரத் தலைவர், துணைச் செயலர், ஆறாண்டுகளாக அமைச்சர். மேலிடம் முன்பே எடுத்திராத முடிவு எதையும் அவர் எடுத்ததில்லை.

அந்த ஆறாண்டுகளில் நான்கு சகாக்கள் பதவி இழந்தார்கள். நால்வரும் ஒரே விதமாக. பிரதமரின் இல்லத்திலிருந்து மோட்டார் சைக்கிள் வரும். சிறிய வெள்ளை உறை. உள்ளே, பிரதமரின் பொடி எழுத்தில் நன்றி தெரிவிக்கும் அட்டை. மறுநாள் அரசிதழில் வேறொருவர் பெயர். ஆற்றங்கரைச் சதுக்கத்தைச் சுற்றியிருந்த அமைச்சகங்களில் அந்த இயந்திர ஓசைக்குச் செவி கொடுக்காமல் காலையைக் கழித்தவர் எவருமில்லை.

ஓசை கேட்டது. நெருங்கியது. இந்தக் கட்டடத்தின் வாசலிலேயே நின்றது.

லசெர்தா கீழே எட்டிப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. சற்றுப் பொறுத்து, வாயிற்காவலர் தட்டில் வைத்துக் கொண்டுவந்த வெள்ளை உறை மேசைக்கு வந்தது. எப்போதும் அமைச்சருக்கு அரையடி பின்னால் நிற்கும் லசெர்தா, இப்போது கதவருகே நின்றார்.

"பிரிச்சுப் பாக்கலீங்களா ஐயா?"

"பிரிக்கிற வரைக்கும் நான் மினிஸ்டர்தானே."

அமைச்சரின் ஆணை தனித்தாளில் எழுதப்படுவதில்லை; அறிக்கையின் முதற்பக்கத்து மேல்விளிம்பில், அவர் கைப்பட எழுதுவதே வழக்கம். வலதாரிஷ் பேனாவைத் திறந்தார். 'உடன்படுகிறேன்' என்று ஒரு வரி. அதன்கீழ், 'மதகுகளைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்கவும்' என்று மற்றொன்று. தேதி, கையொப்பம். மேலிடத்தைக் கேளாமல் அவர் இட்ட முதல் ஆணை. அது அவருக்கே வியப்பாக இருந்தது.

பிறகு உறையைப் பிரித்தார்.

'கௌதாரிகளுக்கு நன்றி. இறைச்சி மிருதுவாக இருந்தது. ஞாயிறன்று, நீர் நிறைந்த அணையருகே சந்திப்போம்.'

சென்ற வாரம் தம் பண்ணையிலிருந்து வேட்டைப் பறவைகள் ஆறு அனுப்பியதை அவர் அறவே மறந்திருந்தார். அட்டையை இருமுறை படித்துவிட்டு, லசெர்தாவிடம் நீட்டினார்.

"வயித்துல பால் வார்த்தீங்க ஐயா!" லசெர்தா அரையடி தூரத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். "அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடலாம்."

"அது என் அறிக்கையோட முதல் பக்கம்" என்றார் ரெபொர்தாவ். "அதைக் கிழிச்சா, நான் எச்சரிக்கவே இல்லைன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே!"

"சும்மா இருங்க, லசெர்தா" என்றார் அமைச்சர்.

வலதாரிஷின் கோப்புகளில் இதுவரை அடித்தல் திருத்தல் கிடையாது. இன்றும் அதற்குத் தேவையிருக்கவில்லை. இரண்டு வரிகளுக்கும் நடுவே விரற்கடை அளவு இடம் எஞ்சியிருந்தது. அதில், முன்பு எழுதியதோடு சீராகப் பொருந்தும் அளவில், 'திங்கட்கிழமை நண்பகலுக்குப் பின்' என்று எழுதி, மையொற்றும் தாளால் ஒற்றி எடுத்தார்.

பொறியாளர் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் மழைக்கு யாரு ஐயா சொல்றது?"

"வானிலை என் துறையில்ல, எஞ்சினியர்."

ஜன்னல் கண்ணாடியில் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அமைச்சர் எழுந்து நின்று, முறைப்படி இரு கைகளாலும் அறிக்கையை நீட்டினார். ரெபொர்தாவின் கைகள் உடனே உயரவில்லை. லசெர்தா தொண்டையைக் கனைத்த பிறகு, அதை வாங்கிக்கொண்டார்.