ஆறு கொக்கிகள்

நவம்பர் ஒன்பது, சனிக்கிழமை, மாலை நாலரை மணி. ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பழைய சிமெண்டுக் கிடங்கில், தரையிலிருந்து பன்னிரண்டடி உயரத்தில், ஆறு கயிறுகளில் ஒரு மரப்படகு தொங்கிக்கொண்டிருந்தது.

படகில் தங்கை உட்கார்ந்திருந்தாள். கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கரித்துண்டுகளைக் கூராக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்குக் கதவு திறந்ததும், அங்கிருந்தபடியே, தரைவரை இறங்கும் காகிதச் சுருளில் ஒரு மணி நேரம் வரைய வேண்டும். அதுதான் நிகழ்ச்சி.

கடைத்தெருவிலிருந்து திரும்பிக் கதவைத் தள்ளிய அக்காவின் கண்ணில் முதலில் பட்டது தங்கையின் பாதங்கள்தான். அக்கா கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அதற்குள் இன்னும் பிரிக்காத வெள்ளை நூல்கண்டு.

அந்தக் குழுவில் ஆறு பேர், ஒரு வேன். வருடத்தில் ஏழு மாதம் ஊர் ஊராகச் சுற்றினார்கள். வரைவது தங்கை, அவள் உட்காரும் படகைக் கட்டித் தொங்கவிடுவது அக்காவின் பொறுப்பு. மற்றவர்கள் உத்தரத்தில் கொக்கிகளை மாட்டி, அவற்றின் வாயை மூடும் மரையாணிகளைக் கையால் லேசாகத் திருகிவிடுவார்கள். பிறகு அக்கா ஏணியில் ஏறி ஒவ்வோர் ஆணியையும் ஸ்பேனரால் இறுக்குவாள். படகில் மணல் மூட்டைகளை ஏற்றிக் கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். எல்லாம் சரியென்றால் கொக்கிக்கு ஒரு நூல் கட்டுவாள். நூல் இருந்தால் ஆள் ஏறலாம். ஊரைவிட்டுக் கிளம்பும்போது அந்த நூல்களை அறுத்துவிட வேண்டும். ஒன்பது வருடமாக இதுதான் வழக்கம்.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். ஆறு கொக்கிகளிலும் நூல் இருந்தது. மஞ்சள் நூல்.

மஞ்சள் நூல் போன ஊரோடு தீர்ந்துவிட்டது. அதனால்தான் அவள் கடைத்தெருவுக்கே போனாள்.

போன ஊரிலிருந்து கிளம்புவதற்காகச் சாமான்களைக் கழற்றும்போது தங்கை பக்கத்தில் வந்து நின்று, இந்தச் சுற்றோடு நின்றுவிடுவதாகச் சொன்னாள். பேச்சு வளர்ந்தது. யார் யாருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று பழங்கதையெல்லாம் வெளியே வந்தது. அக்கா ஆத்திரத்தில் கொக்கிகளைக் கழற்றிக் கழற்றிப் பெட்டிக்குள் வீசினாள். கத்திரிக்கோலை எடுத்த ஞாபகம் அவளுக்கு இல்லை.

குழுவின் விளக்குக்காரரிடம் போய், ஆணிகளை யார் இறுக்கியது என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீங்கதானே? நூல் இருந்துச்சே. காலையில வந்து முடிச்சிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்." அவர் சிரித்தார். "நூல் கட்டாம நீங்க செருப்புகூடப் போடமாட்டீங்களே." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

ஏணி எங்கே என்று கேட்டாள். வாசலில் பேனர் கட்டக் கொண்டுபோயிருந்தார்கள். விளக்குக்காரர் ஓடினார்.

தங்கை கரியை ஊதியபோது படகு லேசாக அசைந்தது. முன்பக்கக் கொக்கியின் ஆணி ஒரு விரல் நீளம் வெளியே தெரிந்தது.

"அசையாம உட்காருடீ. ஏணி வருது."

"எதுக்கு?"

"கொக்கி இறுக்கல. அது போன ஊர் நூல்."

தங்கை கரித்துண்டை மடியில் வைத்தாள். "போன வாரம் நின்னுக்கறேன்னு சொன்னேன். இன்னிக்கு என்னை இறங்கச் சொல்ற. நல்லா இருக்குக்கா."

இது அந்தப் பேச்சு இல்லை, சத்தியம் என்றாள் அக்கா. குரலை உயர்த்தாமல் சொல்லப் பார்த்தாள், உயர்ந்துவிட்டது. வாசலில் கூட்டத்தை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த குழுத் தலைவர் உள்ளே தலையை நீட்டி, அக்கா தங்கை பஞ்சாயத்தை வேனில் வைத்துக்கொள்ளுங்கள், ஜனம் வந்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே ஏணிமேல் நின்று பேனர் கட்டிக்கொண்டிருந்த டிரைவர், இன்னும் ஒரே ஒரு முடிச்சுதான் என்று விளக்குக்காரரிடம் சொல்வது கேட்டது.

"ஒன்பது வருஷத்துல ஒரு தடவை மறந்திருக்கியா நீ?" என்றாள் தங்கை. "நான் இருமினாலே ஏணியைத் தூக்கிட்டு வர்றவ. இன்னிக்கு மட்டும் மறந்துட்டியாம். இதை நான் நம்பணும்."

அக்கா படகுக்கு நேர் கீழே வந்து நின்றாள். எதற்கு அங்கே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கைகளால் தாங்கக்கூடிய எடை இல்லை அது.

"மறந்துட்டேன்டீ. நீ போறேன்னு சொன்னல்ல, அப்ப எனக்குக் கை ஓடல. நூலை அறுக்காம அப்படியே பெட்டியில போட்டுட்டேன்."

தங்கை அக்காவின் முகத்தையே பார்த்தாள். நம்பிவிட்டாள் என்பது கீழிருந்தே தெரிந்தது. நம்பிய எவரும் செய்வதைத்தான் செய்தாள். ஆணியைப் பார்ப்பதற்காக ஒரு கையை ஊன்றி, முன்பக்கம் திரும்பினாள்.

திரும்பாதே என்று அக்கா சொல்லி முடிக்கவில்லை.

முன்பக்கக் கொக்கி திறந்தது. அடுத்தாற்போல் அதன் பக்கத்துக் கொக்கியும் திறந்தது. படகு தலைகுப்புறச் சாய்ந்து நின்றது. தங்கைக்கு இடது தொடையெலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. அவளைப் பிடிக்கப் போன அக்காவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. நிகழ்ச்சி ரத்தானது. திங்கட்கிழமை காலை வேன் நான்கு பேருடன் அடுத்த ஊருக்குக் கிளம்பியது.