மின்னல் முகமூடியின் முகம்

நாகேந்திரம் மாஸ்டர் பொய் சொல்லித்தான் பிழைத்தார். அதை அவர் ஒளிக்கவுமில்லை. கொட்டாஞ்சேனைத் தகரக் கொட்டகையில் ஊமைப்படம் ஓடும்போது, திரைக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பிரம்போடு நின்று, இங்கிலீஷ் எழுத்து வரும்போதெல்லாம் அதைத் தமிழில் சொல்வது அவர் வேலை. எழுத்தில் இரண்டு வரி இருந்தால் அவர் பத்து வரி சொல்வார். கோட்டைப் பக்கத்துப் பெரிய கொட்டகைகளில் படங்கள் தாமாகவே பேசத் தொடங்கிவிட்டன. இங்கே படத்துக்கு வாய் இன்னும் மாஸ்டர்தான்.

அந்த வருஷம் 'மின்னல் முகமூடி' என்ற தொடர் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு பாகம். முகத்தைக் கறுப்பால் மூடிய ஒருவன், தூரத்தில் நின்றபடியே இரும்புப் பூட்டை உருக்கும் மின்னல் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பட்டணத்தை ஆட்டிவைக்கிறான். அவனைப் பிடிக்க ஓர் இளம் துப்பறிவாளன் அலைகிறான். படம் அவ்வளவுதான். மாஸ்டருக்கு அது போதவில்லை. இரண்டாம் வாரமே, முகமூடிக்காரன் வேறு யாருமில்லை, அந்த இளைஞனின் கூடப்பிறந்த அண்ணன், சின்ன வயதில் கப்பலில் தொலைந்து போனவன் என்று ஒரு போடு போட்டார். தம்பி தன் கையில் அகப்பட்டும் அவனைக் கொல்லாமல் விடுவது அதனால்தான் என்றார். உண்மையில் கொல்லாமல் விட்டதற்குக் காரணம், கொன்றால் அடுத்த வாரம் படம் இல்லை என்பதுதான்.

ஊர் அந்தக் கதையில் விழுந்துவிட்டது. மூட்டை தூக்கும் ஆட்கள் தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். முகமூடியின் நெற்றியில் இருக்கும் ஒற்றைக் கண்ணைக் கொச்சிக்கடைப் பண்டகசாலைச் சுவரெல்லாம் கரியால் வரைந்து வைத்தார்கள். இறைச்சிக்கடைக்காரர் தன் முரட்டுக் கிடாய்க்கு மின்னல் என்று பெயர் வைத்தார். பிறகு அதை வெட்ட மனம் வராமல் கட்டிவைத்துத் தீனி போட்டார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள், அண்ணனும் தம்பியும் எப்போது சேர்வார்கள் என்று குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சண்டை பிடித்தார்கள்.

நேசமலர் அதற்கும் மேலே போனாள். அவள் தையல்காரி. வாடிக்கைக்காரர்களின் தலையணை உறைகளை ஒரு மூலையில் தள்ளிவிட்டு, முறிந்த குடைகளின் சீலையைப் பிரித்து நிலத்தைத் தொடும் அங்கி ஒன்று தைத்தாள். சாக்குத் துணியைக் கஞ்சியில் ஊறவைத்து, கவிழ்த்த பானையின் மேல் போர்த்திக் காயவிட்டு முகமூடி செய்தாள். பிஸ்கட் தகரத்தில் நெற்றிக் கண்ணை வெட்டினாள். மின்னல் பெட்டி, உள்ளே மெழுகுதிரி வைத்த ஒரு தேயிலைப் பெட்டி. கடைசியில் ஒரு நாடகமும் எழுதினாள்: அண்ணன் தம்பி முன்னால் முகமூடியைக் கழற்றுகிறான், இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவள் புருஷன் பேதுருவுக்குத் துறைமுகத்தில் வேலை, நல்ல உயரம், அண்ணன் வேஷம் அவனுக்கு. தேத்தண்ணிக் கடை பாயிஸ் நினைத்த நேரத்தில் கண்ணீர் விடக்கூடியவன், தம்பி வேஷம் அவனுக்கு.

பங்குச் சுவாமியார் கோயில் ஹோலைச் சனிக்கிழமை பின்னேரத்துக்குக் கொடுத்தார். "பாதி காலியா இருந்துது எண்டா, இனி இந்த விசர்க் கூத்துக்கு ஹோல் இல்லை மகள்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கொட்டகையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாகம். அதில் அழுதவர்கள் மறுநாள் இங்கே வந்து இன்னொரு தரம் அழுவார்கள். நேசமலரின் கணக்கு அதுதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் வேர்த்து விறுவிறுத்து வந்து அவள் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஒரு பிழை நடந்திட்டுது."

"ஏன், படம் வரல்லையா?"

"வந்திட்டுது. அதுதான் பிழை. காலமை ஓட்டிப் பாத்தனான். முடிவிலை முகமூடியைக் கழட்டுறான்."

"கழட்டத்தானே வேணும்."

"உள்ளுக்கு அண்ணன் இல்லையப்பா. வங்கி மனேச்சர். வழுக்கை, நரைச்ச தாடி."

நேசமலர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். "எந்த மனேச்சர்?"

"மூண்டாம் பாகத்திலை கதவு திறந்துவிட்ட கிழவன்."

"அவனைத் தோட்டக்காரன் எண்டெல்லோ சொன்னீங்க!"

"அண்டைக்கு எனக்குத் தடிமனும் காய்ச்சலும். எழுத்தைச் சரியா வாசிக்கேல்லை."

அவள் சிரித்துவிட்டாள். மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாடகத்தை நிப்பாட்டும். இல்லையெண்டால் பேதுருவுக்கு ஒரு தாடியாவது ஒட்டும்."

"தாடி ஒட்டினா பாயிஸ் ஆரைக் கட்டிப்பிடிச்சு அழுறது? வங்கி மனேச்சரையா?"

"அப்ப அந்த இடத்திலை படம் அறுந்துபோச்செண்டு சொல்லுவம்."

"அறுந்தா ஒட்டச் சொல்லுவாங்க. ஒட்டினா கிழவன் வருவான்."

"சனம் எனக்கு அடிக்கும், தங்கச்சி."

"அடிச்சா ரெண்டு வாங்குங்க, மாஸ்டர். நீங்க சொன்ன பொய்தானே. ஆனா அந்த அண்ணனைக் குழப்ப விடமாட்டன். இத்தனை கிழமையும் இந்தச் சனம் அழுதது அவனுக்காக. அந்தக் கிழவனுக்கு ஆரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாங்களா? நீங்க உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. மிச்சம் என்ட வேலை."

அவர் போனதும் அவள் அங்கியைக் கையில் எடுத்தாள். பேதுரு கப்பலில் மாட்டிக்கொண்டிருந்தான், இருட்டுமுன் வரமாட்டான். அவனுடைய அளவுக்குத் தைத்த அங்கி. ஓரத்தை மடித்துத் தன் அளவுக்கு நூலோட்டினாள்.

மாலைக் காட்சிக்கு ஆள் பிதுங்கியது. நேசமலர் சீலைத் தடுப்புக்குப் பின்னால் பெண்கள் வாங்குப் பலகையில், கடைசி ஓரத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு தலையணை உறை. உள்ளே அங்கியும் முகமூடியும். திரையில் தம்பி மலையுச்சியில் முகமூடிக்காரனை மடக்கினான்.  கை முகமூடிக்குப் போனது. கழன்றது.

வழுக்கை. தாடி.

"இவர்," என்றார் மாஸ்டர். தொண்டையைச் செருமினார். "இவர் வங்கி மனேச்சர்."

 கொட்டகை முழுக்க ஒன்றாகக் கிளம்பியது. கடலைச் சுருள் பறந்தது, செருப்புப் பறந்தது, முன்வரிசையில் ஒரு பலகை முறிந்தது. "அண்ணன் எங்கடா?" "மாஸ்டரைப் பிடி!" கொட்டகை முதலாளி ஸாலிஹ் வாசலிலிருந்து ஓடிவந்தார். "மாஸ்டர், இவங்களுக்கு என்ன கத சொல்லி வெச்சீக்கிறீங்க?" மாஸ்டர் பிரம்பை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு திரையோடு ஒட்டி நின்றார்.

படம் முடிந்து வெறும் வெளிச்சம் திரையில் அடித்தது. அந்த வெளிச்சத்துக்குள் ஓர் அங்கி ஏறியது. திரை நிறைய அதன் நிழல் விழுந்தது. நெற்றியில் தகரக் கண் மின்னியது.

சத்தம் அறுந்தது.

"அவன் கள்ளன்," என்றாள் நேசமலர். கஞ்சித் துணிக்குள் குரல் கரகரத்து ஆண் குரலாய் வந்தது. "என்ட முகமூடியைக் களவெடுத்துப் போட்டவன்."

 அவள் இறங்காமல் நின்றாள். இனிக் கதையை அவர்களாகவே இழுத்துக்கொண்டு போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தான் அவர்களில் ஒருத்தி என்பதால் தெரியும்.

"நான் அப்பவே பாத்தேன்!" என்று நடுவிலிருந்து ஒரு மூட்டைக்காரன் எழும்பினான். "இண்டைக்கு அவன்ட நடை வேற!"

"மூணாம் பாகத்துல கதவு திறந்தவன்தானே? அப்பவே எடுத்திருப்பான்!"

"தோட்டக்காரனா வேசம் போட்டவன்டா அவன்! சரியான கள்ளன்!"

மாஸ்டருக்கு உயிர் திரும்பியது. பிரம்பை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார். "அதைத்தான் நான் சொல்ல வந்தனான். விட்டீங்களே என்னைச் சொல்ல?"

"கழட்டு! முகத்தைக் காட்டு!" என்று இப்போது எல்லோரும் கத்தினார்கள்.

"தம்பி முன்னாலதான் கழட்டுவேன். தம்பி இங்க இல்லை. நாளைக்குப் பின்னேரம் கோயில் ஹோலுக்கு வாறான்." சொல்லிவிட்டுப் பக்கக் கதவால் இறங்கிப் போனாள். ஸாலிஹ் முதலாளி தன் கொட்டகையில் இன்னொரு இடத்துக்கு விளம்பரம் நடந்ததை அவள் போன பிறகுதான் விளங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை ஹோலில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளில் ஆட்கள் தொங்கினார்கள். சுவாமியார் தன் நாற்காலியைக் குழாயடிப் பெண் ஒருத்தியிடம் இழந்து, சுவரோரம் நின்றார். பாயிஸ் மேடையில் தம்பியாக உருகினான். பேதுரு, ஓரம் மறுபடி இறக்கிய அங்கியோடு, மின்னல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

"இவன் இல்லை!"

பேதுரு நின்றான்.

"நேத்து வந்தவன் கட்டை! இவன் பனைமரம்!"

"டேய், இதுவும் மனேச்சர்!"

பேதுரு மேடைக்குப் பின்னால் வந்து முகமூடியைக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது. "மலர், என்னைக் கள்ளன் எண்டுறாங்க. நான் இனிப் போகமாட்டன்."

"கழட்டித் தாங்க."

"முகத்தைக் காட்டச் சொல்லுவாங்களே. பொம்பிளை எண்டு தெரிஞ்சா?"

"தெரியட்டும்," என்று அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் ஏறினாள்.

ஹோல் அதிர்ந்தது. நேற்று நடந்த அதே நடை. "இவன்தான்! இவன்தான்!" என்றார்கள். அவள் எழுதியபடி பெட்டியைத் தம்பியின் காலடியில் வைத்தாள். எழுதியபடி பாயிஸின் கண்ணில் நீர் வழிந்தது. ஹோல் முழுக்க ஒரே குரலில் "கழட்டு" என்றது.

இன்னும் பகல் வெளிச்சம். ஒளிந்துகொள்ள இருட்டில்லை, திரையில்லை. அவள் கையை உயர்த்தினாள்.  கழற்றினாள்.

கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது.

பாயிஸுக்கு எழுதிக் கொடுத்த வார்த்தை "அண்ணா". அவன் வாயைத் திறந்தான், அவளைப் பார்த்தான், மூடினான். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது; தொடங்கினால் அவனால் நிறுத்த முடியாது. பிறகு நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான்.

"அக்கா!"

ஹோலில் ஒரு மூச்சு இழுபட்டது. சுவாமியாரின் நாற்காலியிலிருந்து அந்தக் குழாயடிப் பெண் எழும்பி நின்று கத்தினாள்: "நான் சொல்லல்லையா? ஆம்பிளையா இருந்தா எப்பவோ தம்பியைச் சுட்டிருப்பான். அக்கா எண்டபடியாத்தான் விட்டது!"

அது போதும். மூட்டைக்காரர்கள் துண்டை எடுத்தார்கள். ஜன்னலில் தொங்கிய நாகேந்திரம் மாஸ்டர், பக்கத்தில் தொங்கியவனிடம், இரண்டாம் வாரமே தனக்கு இது தெரியும், சொல்லக் கூடாதென்று இருந்ததாகச் சொன்னார்.

நாடகம் இனிமேல் எழுதியபடி போகாது. அடுத்து என்ன பேசுவது என்று மேடையில் ஒருவருக்கும் தெரியாது. நேசமலருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பாயிஸைத் தோளில் பிடித்துத் தூக்கினாள்.

"எழும்புடா தம்பி," என்றாள். "அம்மா எங்க? அவவையும் அந்தக் கிழவன்தானே பூட்டி வைச்சிருக்கிறான்?"