சுத்தமான கரண்ட்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் அந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்கு ஓய்வு, மிக்ஸிக்கு ஓய்வு, அயர்ன் பாக்ஸுக்கு ஓய்வு. தையல்காரியின் மெஷினுக்கும் ஓய்வு. வீட்டுக்காரர் பாட்டுக் கேட்கப் போகிறார்.

பாட்டுக் கேட்க ஃபிரிட்ஜை எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டால் ஒரு பிரசங்கம் உண்டு. மோட்டார் ஓடினால் கரண்ட் அழுக்காகிவிடுமாம். அந்த அழுக்கு ஒயர் வழியே ஊர்ந்துபோய்ப் பாட்டில் ஒட்டிக்கொள்ளுமாம். மனிதருக்கு வேலை இன்சூரன்ஸ் கம்பெனியில், அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் மதிப்பிடுவது. கரண்டின் அழுக்கை எங்கே பார்த்தார் என்று அவர் மனைவியான தையல்காரி கேட்டதில்லை. கேட்டால் இன்னொரு பிரசங்கம் வரும்.

போதாக்குறைக்குப் போன மாதம் ஒரு புதுப் பெட்டி வேறு வந்து சேர்ந்தது. இரண்டு தடிப் புத்தகங்களை அடுக்கிவைத்த அளவுதான் இருக்கும். சிடி போடுவதும் அதில்தான், சத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் ப்ரீஆம்பும் அதற்குள்தான். பெட்டி சின்னது, பந்தா பெரிது. அதைத் துடைக்கத் தனித் துணி, தொடுவதற்கு முன் கை கழுவல். கல்யாணமான புதிதில்கூட இவள் கையை அந்த மனிதர் அவ்வளவு பதமாகப் பிடித்ததில்லை.

வீட்டில் நல்ல வெளிச்சமுள்ள அறை ஒன்றுதான். அது பெட்டிக்குப் போய்விட்டது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, ஜன்னலுக்குக் கனத்த திரை. உள்ளே போய்க் கதவை மூடிவிட்டால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. இவள் தைப்பது சமையலறைக்கு வெளியே, ஆள் நடக்கிற வழியில்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பக்கத்துத் தெரு நர்ஸ் ஒருத்தி மறுநாள் காலை புது ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். யூனிஃபார்ம் துணியே முந்தின நாள்தான் வந்தது. சாயங்காலம் வாங்க வந்துவிடுவாள். இரண்டு வாரத்துக்கு முன்பு இதே சனிக்கிழமை ஓய்வால் ஒரு டீச்சரின் துணி தாமதமாயிற்று. "முடியாதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றவள், தன்னோடு வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்து வேறு கடைக்கு அழைத்துப் போய்விட்டாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் தெருவில் யாரும் துணி தர மாட்டார்கள்.

அதனால் காலையிலேயே கேட்டாள். "ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மெஷின் ஓடட்டுமே. நர்ஸ் பொண்ணு வந்து நிப்பா."

"இன்னிக்குத்தான் புரொஃபசர் முதல் தடவையா கேக்க வர்றாரு. கொஞ்ச நேரந்தானே, கையால தைச்சுக்கோ."

கையால். இரண்டு செட் யூனிஃபார்மை. அந்த மனிதர் தன் சட்டைப் பொத்தானையே தைத்தறியாதவர்.

புரொஃபசர் வந்தார். எப்போதும் வரும் மருந்துக்கடைக்காரரும் வந்தார். எதற்கும் ஜால்ரா போடுகிறவர் அவர். வீட்டுக்காரர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வந்து, "மெஷின் பிளக்கப் புடுங்கிட்டல்ல?" என்றார். "ம்" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

ஊசியோடு உட்கார்ந்தாள். ஒரு பக்கத் தையலே ஒழுங்காக முடியவில்லை. டீச்சரின் முகம் ஞாபகம் வந்தது. வந்த ஆத்திரத்தில் பிளக்கைச் செருகி மிதியை அழுத்தினாள். மெஷின் தடதடவென்று ஓடியது.

இதோ கதவு திறக்கும், இதோ கத்தப்போகிறார் என்று பயந்துகொண்டே சட்டைக்கு ஒரு கை தைத்தாள். திறக்கவில்லை. இன்னொரு கையும் தைத்தாள். காலரை மடிக்க அயர்ன் பாக்ஸ் தேவைப்பட்டது, அதையும் போட்டாள். பால் கெட்டுவிடும் என்று போய் ஃபிரிட்ஜையும் போட்டுவிட்டு வந்தாள். கதவு அசையவே இல்லை. பயம் போய்விட்டது. அந்த இடத்தில் இளக்காரம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

முதல் செட் முடிகிற நேரம் மூவரும் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார்கள்.

"கரண்ட் சுத்தமா இருந்தா பாடுறவங்க மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது சார்," என்று புரொஃபசர் உருகிக்கொண்டிருந்தார்.

"ஃபிரிட்ஜ நிறுத்துனதுலதான் விஷயமே இருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர். அப்புறம்தான் மெஷினைப் பார்த்தார். "அண்ணி, இத இப்பத்தான் போட்டீங்களா?"

"இல்லண்ணே, நீங்க கதவ மூடுன கொஞ்ச நேரத்துலயே போட்டாச்சு. ஃபிரிட்ஜும் ஓடுது."

சாதாரண மனிதனாக இருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்திருப்பான். வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். ரெண்டாவது பாட்டுல ஒரு கரகரப்பு. விருந்தாளி முன்னாடி எதுக்குன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் தோணுச்சு," என்றார் புரொஃபசர்.

"எனக்கு முதல் பாட்டுலயே," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அவளுக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. இந்தக் காதுகளுக்காகவா இத்தனை வருஷம் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"எல்லாத்தையும் நிறுத்து," என்றார் வீட்டுக்காரர். "அதே பாட்ட மறுபடி போடுறேன். அப்பத் தெரியும்."

"சரிங்க" என்று மிதியிலிருந்து காலை எடுத்தாள். கதவு மூடியதும் காலை வைத்தாள். இரண்டாவது செட் மளமளவென்று முடிந்தது. நர்ஸ் வந்தாள், போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது, ஒரு கை மட்டும் கொஞ்சம் இறுக்கியது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மூவர் கண்களும் கலங்கியிருந்தன.

"இப்ப எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டாள்.

"மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்மா," என்றார் புரொஃபசர்.

"கேட்டுக்கோ," என்றார் வீட்டுக்காரர்.

"கேட்டுக்கிட்டேன். இந்தத் தடவையும் நான் மெஷின நிறுத்தல. இனிமே எந்தச் சனிக்கிழமையும் நிறுத்த மாட்டேன்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் செருப்பைத் தேடினார். அவள் மெஷினில் துணியை வைத்து மிதியை அழுத்தினாள்.

"ஃபிரிட்ஜையாவது நிறுத்தியிருந்தியா?" என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அதுவும் ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு," என்றாள்.