இப்ப எங்க வந்திருப்பான்?

லாரி ஓட்டியே தேய்ந்த மனுஷன் என் அப்பா. ஈரல் கெட்டுப்போய், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று டாக்டர் கைவிரித்த பிறகும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"உன் தம்பி இருக்கிற ஊரு எத்தனை கிலோமீட்டர்மா?"

போனில் பார்த்துச் சொன்னேன். "பதினாலாயிரம்ப்பா."

கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "லோடு இல்லாம ராத்திரி பகலா மிதிச்சாலும் இருபது நாள் ஆகும்."

"பிளேன்ல இருபது மணி நேரம்ப்பா. நடுவுல ஒரு இடத்துல மாறணும்."

"அப்ப ஏன் இன்னும் வரல?"

நல்லாக் கேட்டார். அதை அவனிடம் அல்லவா கேட்க வேண்டும்? சீரியஸ் என்று மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் துரை, லீவு இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மழுப்பினான். நாலாவது தடவை, "நீ எப்பவும் இப்படித்தான்க்கா சொல்ற, அப்புறம் அவர் எந்திரிச்சு உக்காந்துடறார்" என்றான் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போயிட்டார்டா! இப்பவாவது கிளம்பி வா!" என்று கத்திவிட்டேன். அப்பா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் அவன் அழுத அழுகையை ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. "இல்லடா, பொய்டா, உயிரோடதான் இருக்கார்" என்று ஓடிப்போய் அப்பாவை எழுப்பி, போனைக் காதில் வைத்தேன். "எப்ப வர்ற?" என்றார் அப்பா. அப்புறம் தம்பி என்னைத் திட்டாத திட்டு இல்லை. இனி ஜென்மத்துக்கும் உன் பேச்சை நம்பமாட்டேன் என்றான். ஆனால் அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டான். திட்டினால் திட்டட்டும், காரியம் ஆயிற்று என்று எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவன் கிளம்பியதிலிருந்து அப்பா கண் மூடவில்லை.

"இப்ப எங்க வந்திருப்பான்?"

போன் மேப்பில் அவன் வரும் குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. "கடல் மேலப்பா."

"கடல்ல எங்க வண்டிய ஓரங்கட்டி டீ குடிப்பான்?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

அடுத்த தடவை கேட்டபோது வாய் மட்டும் அசைந்தது. "பாதி தூரம் வந்துட்டான்ப்பா, இருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். அது சில்லிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பாவி மனுஷன், இத்தனை நாள் இழுத்துப் பிடித்தவருக்கு இன்னும் அரை நாள் இருக்கக் கூடாதா?

விமானம் மாறும் இடத்திலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அப்பா என்னக்கா பண்றார்?"

"தம்பி... அப்பா போயிட்டார்டா."

சிரித்தான். "திரும்ப ஆரம்பிச்சிட்டியா? அதான் கிளம்பி வந்துட்டேன்ல!"

"நிஜமாடா. இப்பதான். அப்பா மேல சத்தியம்."

"போக்கா, ஒரு தடவை ஏமாந்தது போதும். அடுத்த பிளேன்ல ஏறிட்டேன், போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க. அப்பாவுக்குச் சவரம் பண்ணி உக்கார வை. வந்துட்டேன்னு சொல்லு."

மறுபடி மறுபடி போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே அந்தப் பெண் குரல் சொன்னது. குட்டி விமானம் எங்கள் பக்கம் மூக்கைத் திருப்பியிருந்தது. இன்னும் ஒன்பது மணி நேரம்.

என் அழுகை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா தோளைப் பிடித்தாள். "தம்பிக்குச் சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.