ஒரு ஜோடி போதும் என்றேன்

1

இந்தக் கதை ஒரு செத்த மீனின் வாயில் பிறந்தது. அழகுக்காகச் சொல்லவில்லை. நேற்றுக் காலை பக்கத்து வீட்டுத் தவோங்கா அதைத் தொட்டியிலிருந்து கரண்டியால் எடுத்தாள். வாய் திறந்துகொண்டது. உள்ளிருந்து குஞ்சுகள் வந்தன, உயிரோடு. பதினொன்று.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலாவி ஏரியின்மேல் பொன்னிறக் காலை' (அடித்துவிட்டேன். நான் எழுதிய பன்னிரண்டு குடும்ப நாவல்களில் அந்தக் காலையைச் செலவழித்தாயிற்று.)

மறுபடியும். எங்கள் ஏரிக்கரை ஊரான நகாட்டா பேயில் லுசுங்கு மூழ்கி மீன் பிடிப்பவன். வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போகும் வண்ணமீன்கள். மனைவி தவோங்காவுக்காக வீட்டிலும் ஒரு சின்னத் தொட்டி வைத்தான். மணலை ஏழு தடவை அலசினான். பாறைகளைப் பொந்து விட்டு அடுக்கினான். தண்ணீர் ஊற்றி, மீனே விடாமல் மூன்று வாரம் காத்திருந்தான்.

"பொண்ணு கேட்டு வந்த மறுவாரமே என்னைக் கூட்டிட்டு வந்த ஆளு. மீனுக்கு மட்டும் இம்புட்டுப் பொறுமையா?"

"தண்ணி பதமாகணும்டி. நீ அப்பவே பதமாத்தான இருந்தே!"

3

ஐந்து மீன் கொண்டுவந்தான். நீலமாக ஓர் ஆண், மங்கிய நிறத்தில் நாலு பெண்.

தவோங்கா இடுப்பில் கை வைத்தாள். "ஓகோ! ஒருத்தனுக்கு நாலா? பாஸ்டருக்குத் தெரியுமா இது?"

எங்கள் சபையில் இரண்டு மனைவிக்காரனுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது.

"ஒத்தையா விட்டா அவளையே துரத்துவான், தவோ. நாலு பேருன்னா கோவம் பங்காகும்."

"என் வீட்டுல நடக்காது. மூணு பேரை ஏரியில விட்டுட்டு வா."

(பொய். கடைசி வசனம் அவளுடையதல்ல. அவள் கேலியோடு நிறுத்திக்கொண்டாள். "ஒரு ஜோடி போதும் லுசுங்கு, அதுதான் அழகு" என்றவள் நான். எழுதுகிறவள் சொல்கிறாளே என்று அவனும் மூன்று பெண்ணை ஏரியில் விட்டுவந்தான்.)

4

லுசுங்கு தீவுப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். நான் தினமும் தொட்டியைப் பார்க்கப் போனேன். என் குறிப்பேட்டிலிருந்து, மாற்றாமல்:

'நீலன் அவளை ஒரு கணமும் பிரிவதில்லை.'

'அவள் சாப்பிடுவதே இல்லை. காதல்.'

'மூலையில் நாணி நிற்கிறாள். வாலின் ஓரம் காற்றில் ஆடும் சரிகை போல'

இதை முடிக்க மாட்டேன். வால் கிழிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உவமை தேடினேன்.

அவள் சாப்பிடாதது, அந்த இனத்துத் தாய்மீன்கள் எல்லாம் போல வாயில் பிள்ளைகளைச் சுமந்ததால். கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

5

முடிவு ஒன்று: துரத்தித் துரத்தியே அவளைக் கொன்ற நீலனைக் கொடியவனாக்கலாம். அவன் மீன். அவன் கோபத்தைப் பங்குபோட மற்ற மூவரும் இல்லாமல் செய்தது நான்.

முடிவு இரண்டு: குஞ்சுகள் பிழைத்து, பொன்னிறக் காலையில்... வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். நேற்றிலிருந்து குஞ்சுகள் தேநீர்க் கோப்பையில் இருக்கின்றன. அதில் இனி அதிக நேரம் தாங்காது. தொட்டியில் நீலன் இருக்கிறான், விட்டால் தின்றுவிடுவான். இன்று திரும்பி வந்த லுசுங்கு, வாளியோடு நிற்கிறான்.

"இவனை ஏரியில விட்டுட்டு, தொட்டியைக் குஞ்சுங்களுக்குக் குடுத்துரலாமா அக்கா?"

"அவங்களை ஏன் கேக்குற?" தவோங்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "துரத்துறதைப் பார்த்தாலே கல்யாணம் பண்ணி வெச்சிருவாங்க." பிறகு மெதுவாக, "இதுங்க வளந்தா, இதுலயும் ஒருத்தன் நீலமாவான்ல?"

"ஆவான்."

"எவன்?"

லுசுங்கு கோப்பைக்குள் குனிந்து பார்த்தான். பதினொன்றும் ஒரே மங்கல். "இப்பத் தெரியாது."

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு நாவல்களிலும் கடைசிப் பக்கத்தில் மணமக்கள் இருவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தவள் நான். ஒருமுறையும் திரும்பிப்போய் எட்டிப் பார்த்ததில்லை.

இங்கே கதவில்லை, கண்ணாடிதான். இந்தாருங்கள் வாசகரே, கோப்பையை நீங்கள் பிடியுங்கள். நான் எட்டிப் பார்க்கிறேன்.