இந்த முறை மட்டும்

...பச்சையில் திறந்துவிட்டது, நான் ஒன்றுமே செய்யவில்லை, வழக்கம்போல் பைலின் மேல் இரண்டு தட்டுத் தட்டினேன், தட்டிய கையோடு செட்டிங்ஸ் பக்கம் போக மவுஸைத் திருப்பியும் விட்டேன், காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் முதல் வேலை அதுதானே, நேற்று மத்தியானம் இவர் நீலமாக்கி வைத்ததை மறுபடி பச்சையாக்குவது, அதற்கப்புறம்தான் டீயை ஒரு வாய் குடிப்பது. இன்றைக்கு டீ ஆறிக்கொண்டிருக்கிறது, கை மவுஸின் மேல் அப்படியே நிற்கிறது. திரையில் என் பச்சை ஓரம், எனக்குக் கண் வலிக்காத பெரிய எழுத்து... நேற்று நான் எப்படி விட்டுவிட்டு எழுந்தேனோ அப்படியே. நீலம், பச்சை என்று பெயர் வைத்தது மகள்தான், ஐகானின் நிறத்தைப் பார்த்து. நீலம் இவருடையது, அச்சகம் வைத்திருந்த காலத்திலிருந்து கட்டிக்கொண்டு அழுகிற கிழட்டுச் சாப்ட்வேர். பச்சை என்னுடையது, மகள் ஊரைவிட்டுப் போகும் முன் போட்டுக் கொடுத்து, கையைப் பிடித்துச் சொல்லியும் கொடுத்தது. இரண்டிலும் ஒரே பைல்தான் திறக்கும். நான் காலையில் மெஷின்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதுகிறேன், சாப்பாட்டுக்கு மேல் இவர் உட்கார்ந்து படம் வைத்துப் பக்கம் கட்டுகிறார், ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. இதில் எது தானாகத் திறக்க வேண்டும் என்பதில்தான் எங்கள் குடும்பமே நடக்கிறது. அவர் நீலமாக்குவார், நான் பச்சையாக்குவேன், அவர் நீலமாக்குவார். நேற்று ஏன் ஆக்கவில்லை?

மறந்திருப்பாரோ? இவரா, மூக்குக் கண்ணாடியை மறப்பார், அடுப்பில் வைத்த பாலை மறப்பார், என்மேல் இருக்கிற கோபத்தை மறந்ததாகச் சரித்திரமே கிடையாது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு ஒழுங்காக நடக்கிறது வீடு, சாப்பாடு மூடி வைத்திருக்கும், அவர் போட்டுச் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். கம்பெனி மேனேஜர் போன் செய்து, "மேடம், சார்கிட்ட சொல்லிடுங்க, படம் பத்து மாத்தணும்" என்பார், அந்தப் பக்கம் போனை வைத்த பிறகும் நான் காதில் பிடித்துக்கொண்டு, "படம் பத்தா, மாத்தணுமா, சரிங்க" என்று சுவருக்குக் கேட்கும்படி இரண்டு முறை சொல்வேன், மத்தியானம் படம் பத்து மாறியிருக்கும். மகள் இருந்தவரை கவலையே இல்லை, "அப்பாகிட்ட சொல்லு", "அம்மாவைக் கேளு" என்று அவள் தலைமேல்தான் எல்லாப் பேச்சும் போய் வந்தது. ஆரம்பித்ததும் இதே நீலம் பச்சையால்தான். நான் ராப்பகலாக எழுதி முடித்த தண்ணீர் மோட்டார் கையேட்டை இவர் நீலத்தில் திறந்து, அப்படியே சேமித்தும் விட்டார், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து போனது, ஒரு வரி மிஞ்சவில்லை, நீலத்தில் தமிழ் உடையாதபடி மகள் சரிசெய்து கொடுத்தது அதற்கப்புறம்தான். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது, "நீங்க தொட்டது எதுதான் உருப்பட்டுச்சு?" என்றேன். வேறென்ன கேட்பது? அச்சகத்தை மூடினார், அதற்குப் பிறகு வைத்த பேப்பர் கடையை மூடினார், உண்மையைத்தானே சொன்னேன். பக்கத்தில் நின்ற மகள்தான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள், "அப்ப நான்கூடவாம்மா?" என்று. இவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு மூடிய வாய். நான் மட்டும் இளைத்தவளா, நானும் மூடிக்கொண்டேன்.

ஆனால் முழுக்கப் பேசாமலும் இல்லை, அதைத்தான் இந்தக் காலையில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கிறேன். மத்தியானம் நான் அடுக்களையில் பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருப்பேன், இங்கே மவுஸ் இரண்டு தட்டுத் தட்டும், ஒரு நிமிடம் அமைதி, பச்சை எழும்பிவிட்டது என்று அர்த்தம், உடனே, "ச்சே" என்பார். அந்தச் "ச்சே" எனக்குத்தான், இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு திருப்தி, பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன். காலையில் நான் வந்து, "கடவுளே, இந்த மனுஷன்" என்று முணுமுணுப்பேன், அது அவருக்கு, உள் அறையில் படுத்துக்கொண்டு கேட்டிருப்பார், கேட்டுச் சிரித்துக்கூட இருக்கலாம், தெரியாது. நேற்று ச்சே கேட்டதா? இல்லை. முந்தாநாள்? நீலமாக்கியிருந்தார், ஆனால் ச்சே... குழாய் திறந்திருந்தது, எனக்குக் கேட்கவில்லையோ, அல்லது சொல்லவே இல்லையோ. எப்போதிருந்து சொல்லவில்லை? இதைக்கூடக் கவனிக்காமல் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன்?

சரி, வேலையே செய்யவில்லை போலிருக்கிறது, உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பார், அதுதான், என்று நினைத்துப் பைலை உருட்டிப் பார்க்கிறேன். செய்திருக்கிறார். வாஷிங் மெஷினின் முன்பக்கம், பின்பக்கம், குழாய் மாட்டும் படம், எல்லாம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஓரம் பிசகாத அவருடைய கட்டு. இது பச்சையில் வராது, நீலத்தில்தான் செய்திருக்க வேண்டும். அப்படியென்றால்... பைலின் மேல் மவுஸின் வலது பக்கத்தைத் தட்டினால் ஒரு மெனு விழும், எதில் திறக்க வேண்டும் என்று கேட்கும், கீழே இரண்டு வரி இருக்கும், எப்போதும், இந்த முறை மட்டும். இந்த முறை மட்டும் என்பதைத் தட்டி நீலத்தில் திறந்து, வேலையை முடித்து, மூடிவிட்டுப் போயிருக்கிறார். என் பச்சை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று. எவ்வளவு நல்ல மனுஷன் என்று வேறு யாராவது சொல்வார்கள். விடுதியில் அறை எடுத்துத் தங்குகிறவன் காலி செய்யும்போது போர்வையை மடித்து வைப்பானே, அந்த ஒழுங்கு இது. என் வீட்டில், என் கண்ணெதிரில், சொல்லிக்கொள்ளாமல் விருந்தாளியாகிவிட்டார்.

போன வாரம் மகள் போனில், "அம்மா, அப்பா இங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா? எனக்கும் துணையா இருக்கும்" என்றாள், நான், "உங்க அப்பாவை நீ கேளு, என்னை ஏன் கேக்குற?" என்றேன். அவள் கொஞ்சம் நிறுத்தி, "கேட்டுட்டேம்மா" என்றாள். அப்புறம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் பாருங்கள், அவள் சொல்லவும் இல்லை, மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்? அங்கே ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்று அவள் சொல்லியிருக்கிறாள். அலமாரிக்கு மேலே, ஊருக்குப் போனால் இவர் எடுத்துக்கொண்டு போகிற அந்தப் பழுப்புப் பெட்டி இருக்குமே... இங்கிருந்து தலையைச் சாய்த்தால் தெரியும், சாய்க்கிறேன், பெட்டி இல்லை. அது இருந்த இடத்தில் தூசி இல்லாத சதுரம். நேற்று இருந்ததா, போன வாரமே இல்லையா, எப்படிச் சொல்வேன், யார் தினமும் அலமாரியின் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உள் அறையில் எதையோ தரையில் இழுக்கிற சத்தம். கட்டிலாக இருக்கும். இவர் எதற்குக் காலங்காத்தாலே கட்டிலை இழுக்கிறார்?

வேலையைப் பார்ப்போம், நாளைக்குக் கொடுக்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து எழுதுவோம்... இயந்திரத்தைத் தனியாகத் தூக்க வேண்டாம், இருவர் சேர்ந்தே தூக்கவும். சமமான தரையில் வைக்கவும். தரை சமமாக இல்லாவிட்டால் சுழலும்போது இயந்திரம் நகர்ந்து போகக்கூடும். அடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இது யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதியது, நான் தமிழாக்கினேன், அவ்வளவுதான், இதற்குப் போய் ஏன் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. கடைசிப் பக்கத்தில் கோளாறும் தீர்வும் என்று ஒரு கட்டம் வரும், எல்லா மெஷினுக்கும் வரும், சத்தம் அதிகமாக வந்தால் என்ன செய்வது, தண்ணீர் ஒழுகினால் என்ன செய்வது, எத்தனை கையேடு எழுதிவிட்டேன், சத்தமே வராமல் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்கு மனப்பாடம், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும். எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் போய்விட்டால் நான் பட்டினி கிடக்க மாட்டேன், ஒண்டியாகத் தூங்கவும் தெரியும், இப்போது மட்டும் என்ன சேர்ந்தா தூங்குகிறோம். ஆனால் காலையில் வந்து பச்சையில் திறந்தால், மறுநாளும் பச்சையில் திறந்தால், அதற்கு மறுநாளும்... நான் ஜெயித்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நானே நீலமாக்கி வைத்தால் என்ன? கை செட்டிங்ஸ் பக்கம் போகிறது. மத்தியானம் வந்து இரண்டு தட்டுத் தட்டுவார், அவருடைய நீலம் எழும்பும், அவருடைய பொடி எழுத்து, அவருடைய அளவுகோல், நம் வீடுதான் இது என்று ஒரு நிமிடமாவது தோன்றாதா? நீலத்தில் குறி வைத்துவிட்டேன், சரி என்பதை அழுத்துவதுதான் பாக்கி, அழுத்தவில்லை. அவருக்கு என்ன தோன்றும்? எனக்குக் காலையில் தோன்றியதுதானே அவருக்கும் தோன்றும், இவளே நீலமாக்கிவிட்டாள், இவளும் ஓய்ந்துவிட்டாள், சரி, பெட்டியை மூடிவிடலாம் என்று. பச்சையாகவே விட்டாலோ, அது அவர் போட்டுக் கொடுத்த பிச்சை, அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்ட மாதிரி. சண்டை போடவும் வழியில்லை, சமாதானமாகவும் வழியில்லை, என்ன புத்தி இது, எவ்வளவு பெரிய பட்டியல் விழுகிறது திரையில், கணக்குப் போடுகிற சாப்ட்வேர், பாட்டுக் கேட்கிறது, படம் வரைகிறது... படம் வரைகிறது. மகள் சின்ன வயதில் சிவப்பு வீடும் மஞ்சள் சூரியனுமாகக் கிறுக்கிக்கொண்டிருந்த அதே சாப்ட்வேர். கையேட்டை அதில் திறந்தால் திறக்காது, பைல் கெட்டுவிட்டது என்று ஒரு கட்டம் போட்டு மிரட்டும். கெட்டுவிட்டது என்பதைப் பார்த்தால் இவர் சும்மா இருப்பாரா? நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேலை. பதறிப்போவார், ச்சே என்பதோடு போகாது, எழுந்து அடுக்களை வாசல்வரை வந்து, "என்ன பண்ணி வச்சிருக்க இதை?" என்று கத்தியே ஆக வேண்டும். கத்தட்டும். நீ தொட்டது எதுதான் உருப்பட்டுச்சு என்று என் வார்த்தையையே என் முகத்தில் விட்டெறியட்டும், வாங்கிக்கொள்கிறேன். குறியை அதற்கு மாற்றி அழுத்திவிட்டேன், எப்போதும் என்பதையே அழுத்தினேன், எனக்குச் சிரிப்புக்கூட வந்தது, இந்த வயதில் இப்படி ஒரு குசும்பு.

உள் அறைக் கதவு திறந்தது. இவர் வந்தார், என் நாற்காலிக்குப் பின்னால் செருப்பு தேய்கிற சத்தம், நான் திரும்பவில்லை, திரும்பும் வழக்கம் இல்லை. அடுக்களையில் குழாயைத் திறந்தார், டம்ளரில் பிடிக்கிற சத்தம் இல்லை, வாய் குறுகின பாட்டில், அடியிலிருந்து மேலே நிறைந்து நிறைந்து சத்தம் மெலிந்துகொண்டே போகிறது, மூடியைத் திருகுகிறார். வீட்டுக்குள் இருக்கிறவருக்கு எதற்குப் பாட்டில்? ஏங்க என்று ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் மண்டைக்குள் ஓடியதில் ஒன்றைக்கூடச் சொல்ல வேண்டாம், ஏங்க என்று மட்டும் கூப்பிட்டால் நிற்பார். தொண்டை வரை வந்தது, வாயில் எப்படி வைப்பது என்றே தெரியவில்லை, பிறத்தியார் வீட்டுச் சாவி மாதிரி. என் பின்னால் ஒரு நொடி நின்றார், அல்லது நின்றதாக எனக்குத் தோன்றியது, பிறகு உள் அறைக் கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் போடவில்லை. எதிரே திரையில் நான் வைத்த குறி, படம் வரைகிற சாப்ட்வேர், எப்போதும்... அப்போதுதான் உறைத்தது. இவர்தான் இப்போது இரண்டு தட்டுத் தட்டுவதே இல்லையே. வலது பக்கம் தட்டுவார், மெனு விழும், நீலத்தைக் காட்டுவார், இந்த முறை மட்டும் என்பார், வேலையை முடித்துவிட்டு எழுந்து போவார். நான் பச்சை வைத்தாலும் நீலம் வைத்தாலும் மெஷினையே கொளுத்தி வைத்தாலும் அவர் கண்ணில் படப்போவதில்லை, நான் பேசிக்கொண்டிருக்கிற கதவு வழியாக அவர் வருவதை நிறுத்திவிட்டார். இது எனக்கு முன்பே தெரியும், கொஞ்ச நேரம் முன்னால் நானே கண்டுபிடித்ததுதான், இருந்தும் எப்படி மறந்தேன்? மத்தியானத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, எழுதவும் பாதிக்கு மேல் கிடக்கிறது, ஆனாலும் எழுந்துவிட்டேன், ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, நாற்காலியை அவருக்கு வசதியாகக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அம்புக்குறியைப் பைலின் மேல் சரியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு. மாற்றி வைத்ததை மாற்றவில்லை. பழைய ஞாபகத்தில், கை மறந்துபோய், ஒரே ஒரு தடவை அவர் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.