மிச்சமிருந்த ஒரு காது

மனோஜ்குமாருக்கு ஒரு காதுதான் குத்தியிருந்தது. பள்ளங்கி ஊர் முழுக்கத் தெரிந்த கதை. கைக்குழந்தையாக இருந்த அவனைக் குலசாமி கோயிலில் தாய்மாமன் தங்கமுத்து மடியில் வைத்து வலது காதைக் குத்தி முடித்த நேரம், முதல் மாலையைத் தங்கச்சி புருஷனின் தம்பிக்குப் போட்டுவிட்டார்கள். தாய்மாமனுக்கு அப்புறம்தானே மற்றவனுக்கெல்லாம்? பிள்ளையைத் தங்கச்சி பாண்டிச்செல்வி கையில் போட்டுவிட்டு எழுந்தார். "எந்திரிக்காதண்ணே" என்று அவள் கெஞ்சினாள். பத்தர் ஊசியும் கையுமாக நிற்க, மாமன் நடந்தேவிட்டார்.

அந்த மாலை அன்றைக்கே வாடிவிட்டது. கோபம் மட்டும் பரணில் புகைபோட்ட மலைப்பூண்டு மாதிரி கெடாமல் இருந்தது. அண்ணன் தங்கச்சி இருவருக்கும் அடுத்தடுத்த காடு, பேச்சுவார்த்தை கிடையாது. வேலிக்கு அப்பால் தங்கச்சி குரல் கேட்டால் தங்கமுத்து மண்வெட்டியை ஊன்றி நின்றுவிடுவார். யாராவது ஏனென்று கேட்டால் இடுப்புவலி என்பார். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்றுதான் ஏக்கம். அதை வெளியே சொன்னால் மாமன் மரியாதை என்னாவது?

இப்போது மனோஜுக்கு ஆடலூரில் பெண் அமைந்திருக்கிறது. ஜீப் ஓட்டி, நேரத்துக்கு ஒரு பிரியாணி தின்று, ஆள் நன்றாகவே விளைந்திருந்தான். அரைகுறையாகக் காது குத்தியவன் தாலி கட்டக்கூடாது என்றார் பெண்ணின் அப்பா. கொடைக்கானல் கடையில் மெஷின் வைத்து ஒரு நொடியில் முடித்துவிடலாம் என்றான் மனோஜ். மாமன் மடி இல்லாமல் குத்தினால் அது காதுகுத்தா, வெறும் ஓட்டை என்றாள் பாண்டிச்செல்வி. ஆனால் அண்ணன் வாசலை மிதிக்கமாட்டாளாம். வெற்றிலை பாக்கோடு மகனை அனுப்பினாள்.

தங்கச்சியே நேரில் வந்து கூப்பிடட்டும் என்று தங்கமுத்து முறுக்கிக்கொண்டார்.

"அப்பச் சரிங்க மாமா. அம்மா இராமலிங்கம் மாமா மடியில உக்காரச் சொல்லிருச்சு."

இராமலிங்கம் அவருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தப் பயல் மடியில் என் மருமகனா? தங்கமுத்து அப்போதே வேட்டியைத் துவைக்கப் போட்டார்.

கோயிலில் முதல் மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. அடுத்து மருமகன் மடியில் விழுந்தான். தங்கமுத்து மூட்டை தூக்கிப் பழகிய ஆள்தான், ஆனால் மூட்டை நெளியாது. ஊசியைக் கண்டதும் மனோஜ் மாமன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவருக்கு மூச்சு முட்டியது.

"வலிக்காதுடா மாப்ள" என்றார்.

"யாருக்கு மாமா காது குத்துறீங்க?"

கூட்டம் சிரித்த சிரிப்பிலேயே பத்தர் குத்தி முடித்துவிட்டார்.

மனோஜ் எழுந்தான். தங்கமுத்துவால் முடியவில்லை. இரண்டு காலும் மரத்துக் கிடந்தன. கையை ஊன்றிப் பார்த்தார், நகரவில்லை. அன்றைக்கு எத்தனை வெரசாக எழுந்த கால்கள். ஊரே பார்க்கிறது என்று வெட்கமாக இருந்தது. சந்தனக் கிண்ணத்தோடு பாண்டிச்செல்வி எதிரே வந்து நின்றாள்.

"உக்காருண்ணே" என்றாள். "ஒருக்கா எந்திரிச்சதே போதும்."